உடம்பு ஒதுங்கிய இடம்

சமையலறையிலிருந்து படுக்கையறைக்குப் போகும் நடையில் பாதி தூரம் வந்ததும் அவள் உடம்பு தானாக ஒருக்களித்துக்கொண்டது. எதிரே சுமையோடு வருபவருக்கு வழிவிடுவதுபோல முதுகைச் சுவரோடு ஒட்டி, வயிற்றை எக்கி, பக்கவாட்டில் நகர்ந்து, பிறகு நிமிர்ந்து நடந்தாள்.

"நடையில என்ன வச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் இல்லையே," என்றார் கணவர், கூடத்திலிருந்து. "ஏன், இடிச்சுக்கிட்டியா?"

இடிக்கவில்லை. அதுதான் அவளை உறுத்தியது.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே தையல்தான் அவள் தொழில். பக்கவாதம் வந்து எழுந்தபோது கை கால் எல்லாம் பிழைத்திருந்தன. பார்வை மட்டும் இல்லை. கண் நன்றாகத்தான் இருக்கிறது, அது அனுப்புவதை வாங்கிப் பார்வையாக்கும் இடம் மூளையின் பின்பக்கத்தில் செத்துவிட்டது, இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுக்கு இருட்டுகூடத் தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் என்ன தெரிகிறது என்று கேட்டால் யாரால் என்ன சொல்ல முடியும், அவளுக்கு முன்னாலும் அப்படித்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து நடைப்பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். அவள் ஒருநாள் நடையில் முக்காலி, வாளி, துணிமூட்டை எல்லாவற்றையும் சொல்லாமல் பரப்பிவிட்டு, கோல் இல்லாமல் நடக்கச் சொன்னாள். இவள் எதிலும் படாமல் நடந்து முடித்துவிட்டாள்.

"என்னமா வளைச்சு எடுக்கறா. என் பஸ்ஸை இவகிட்டயே குடுத்திருக்கலாம்," என்று சிரித்த பஸ் டிரைவர் கணவரின் குரல் கடைசியில் உடைந்தது.

"அக்கா, மூளைக்குள்ள இன்னொரு பழைய வழி இருக்கு," என்றாள் பயிற்சிக்காரி. "கண்ணு பாக்கறது அது வழியா உடம்புக்குப் போயிடும். உங்களுக்குத்தான் சொல்லாது."

ஆகவே, ஒன்றுமில்லாத நடையில் உடம்பு ஒதுங்கியது என்றால் உடம்புக்கு ஏதோ தெரிந்திருக்கிறது.

மறுநாள் தையல் அறை வாசலில் ஒதுங்கினாள். அதற்கடுத்த நாள் பீரோவுக்குப் பக்கத்தில். கணவர் வேலைக்குப் போன பிறகு, மிஷின் எண்ணெயும் கஞ்சி போட்ட துணியும் மணக்கும் அந்த அறையில் உட்கார்ந்து, தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறியையும் தெருவில் போகும் வண்டிகளையும் கேட்டுக்கொண்டிருந்தபோது, அந்தச் சத்தங்களுக்கு நடுவே ஓர் இடத்தில் மட்டும் எதுவும் வரவில்லை என்பதைக் கவனித்தாள். ஜன்னலை ஆள் மறைத்து நின்றால் தெருச்சத்தம் மங்குமே, அப்படி. ஆனால் அந்த இடம் ஜன்னலில் இல்லை. பீரோவுக்கும் அவளுக்கும் நடுவில் இருந்தது. உயரமாக இருந்தது.

சாயங்காலம் கணவரிடம் சொன்னாள். அவர் கேலி செய்யவில்லை. "எங்க, கையைக் காட்டு. இங்கயா? இதோ, நானே வந்து நிக்கறேன் பாரு. ஒண்ணுமே இல்லம்மா."

அங்கே நின்று அவர் சொன்ன கடைசி வார்த்தைகள் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல அமுங்கிக் கேட்டன. அவர் விலகி வந்ததும் குரல் பழையபடி ஆயிற்று. அவருக்கு அது தெரியவேயில்லை.

அன்று முதல் அவள் படுக்கையை விட்டு இறங்கவில்லை.

பயிற்சிக்காரி வந்தபோது அவள் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். கணவர் பின்னால் தலையணைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பயிற்சிக்காரியும் அந்தப் பக்கமே வந்து தோளைப் பிடித்துவிட்டாள்.

"ஏம்மா, பார்வை இருக்கறவங்களுக்குத் தெரியாம ஏதாவது இருக்குமா?"

"நெறைய இருக்கும்க்கா. நம்ம மூக்கு எப்பவும் கண்ணு முன்னாலயேதான் இருக்கு. மூளை அதைக் கழிச்சிட்டுத்தான் நமக்குக் காட்டுது. எதைக் காட்டணும், எது வேண்டாம்னு அதுதான் முடிவு பண்ணும்."

"எனக்கு அப்படிக் கழிக்கற இடமே செத்துப்போச்சே," என்றாள் அவள்.

மின்விசிறியின் சத்தம் மங்கியது. ஈரத்துணியை அடைத்து வைத்த வாடை வந்தது. மிக அருகில்.

பக்கவாட்டிலிருந்து எட்டிப் பார்த்த கணவர் கேட்டார். "ஏன் சிரிக்கிறே?"

"நான் சிரிக்கலையே."

"சிரிக்கிறியே."

தோளில் இருந்த பயிற்சிக்காரியின் கை நின்றது. "அக்கா... உங்கள மாதிரி இருக்கறவங்களுக்கு எதிர்ல ஒரு முகம் இருந்தா, அது என்ன பண்ணுதோ அதையே அவங்க முகமும் பண்ணும். அவங்களுக்கே தெரியாம."

"எனக்கு எதிர்ல யாரு இருக்கா?"

இரண்டு பேருடைய மூச்சும் அவளுக்குப் பின்னால்தான் கேட்டது.

அவள் கையைத் தூக்கித் தன் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். கன்னங்கள் கண்வரை ஏறியிருந்தன. உதடுகள் பல்லை விட்டு விலகியிருந்தன. ஈறு தட்டுப்பட்டது. மனிதர் சிரிக்கும் அளவு எது என்று விரல்களுக்குத் தெரியும். அந்த அளவை இது எப்போதோ தாண்டியிருந்தது.

"வாயை மூடும்மா," என்றார் கணவர். "போதும். மூடு."

மூடப் பார்த்தாள். முடியவில்லை. தாடை இறங்கியது. காதருகில் ஏதோ தெறித்தது. கடைவாய் கிழிந்து, நாக்கில் உப்புக் கரித்தது. கணவர் இரண்டு கையாலும் அவள் தாடையை அழுத்திப் பிடித்தார். அழுதுகொண்டே பிடித்தார்.

அவருடைய கைகளுக்குள் அது இன்னும் திறந்துகொண்டிருந்தது.

பிறகு மெதுவாக, எதையோ உற்றுப் பார்ப்பதுபோல, அவள் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.