இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை

தங்கை இடது பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டுப் போன அக்கா, வலது பக்கம் பார்த்துப் படுத்திருந்தாள்.

தங்கை கதவருகே நின்று யோசித்தாள். அக்காவுக்குப் பக்கவாதம் வந்து ஒன்பது மாதமாகிறது. தானாகப் புரள முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை யாராவது திருப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வைத்துவிடும். அந்த யாராவது, தங்கை ஒருத்திதான். முன்னறையில் அவளுடைய தையல் மெஷின், உள்ளறையில் அக்காவின் கட்டில், நடுவே நாலெட்டு நடை. டைமர் அடித்ததும் மெஷினை நிறுத்திவிட்டு ஓடிவருவாள். சற்று முன்பு இடப்பக்கம்தான் திருப்பினாள், ஜன்னலைப் பார்த்து. நன்றாக நினைவிருந்தது. இப்போது அக்காவின் முகம் எதிர்ச்சுவரோரம் காலியாகக் கிடந்த தங்கையின் கட்டிலைப் பார்த்திருந்தது.

தூக்கக் கலக்கம் என்று சொல்லிக்கொண்டாள். நேற்று ஒரு சட்டைக்கு இரண்டு இடதுகையை வைத்துத் தைத்தவள்தானே.

ஆனால் அது மறுநாளும் நடந்தது. அதற்கு மறுநாளும். முழங்கால்களுக்கு நடுவே தலையணை சரியாகச் சொருகியிருந்தது. குதிகால் மெத்தையில் படாமலிருக்கப் பழைய துணியைச் சும்மாடு போல வட்டமாகச் சுற்றி அடியில் வைத்திருந்தது. தங்கைக்கு அப்படிச் சுற்றத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை நர்ஸ் வந்தாள். கலகலப்பானவள். அக்காவின் முதுகைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினாள்.

"போன வாரம் பாத்த புண்ணு சுத்தமா ஆறிடுச்சேம்மா! என் வேலைக்கே வேட்டு வெச்சிடுவீங்க போலிருக்கே. கூட யாரு இருக்காங்க?"

"யாருமில்ல. நான் மட்டும்தான்."

"ஒரு ஆளால இது ஆகாது. உங்க மூஞ்சியப் பாருங்க, காத்தடிச்சா விழுந்துடுவீங்க. வீட்டுல நோயாளியப் பாத்துக்கறவங்க எல்லாம் மாசம் ஒருநாள் கூடிப் பேசறாங்க, வாங்க. இல்லன்னா ஒரே ஒரு வாரம் அக்காவ எங்க காப்பகத்துல விடுங்க. நீங்க நிம்மதியாத் தூங்குங்க."

"அம்மா போனப்புறம் என்னத் தூக்கி வளத்தது அவதான். அவளக் கொண்டுபோய் எப்படி விடறது?"

நர்ஸ் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

அன்று மதியம் மழை பிடித்துக்கொண்டது. டைமர் அடித்தது. தங்கை எழுந்திருக்கவில்லை. மெஷின் முன்னால் உட்கார்ந்தபடியே காது கொடுத்தாள். கூரையில் மழை ஒரே சீராகக் கொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில், உள்ளறையில், கட்டில் மரம் மெல்ல முனகியது, விரிப்பு சரசரத்தது, பாரம் தூக்குகிறவர்கள் அடக்கி விடுவது போல ஒரு நீண்ட மூச்சு வெளிவந்தது, அக்காவின் முதுகுக்குப் போடும் பவுடரின் வாசனை நடை வழியாக மிதந்து வந்தது, அந்த வாசனைக்குள் வெகுநாள் திறக்காத அலமாரியின் புழுக்கமும் கலந்திருந்தது. எழுந்து போய்ப் பார்த்திருக்கலாம். அவள் பெடலை அழுத்தினாள். மெஷின் சத்தத்தில் மற்றதெல்லாம் அமுங்கிப்போனது.

அப்புறம் அந்த நாற்காலியிலேயே தூங்கிவிட்டாள். ஒன்பது மாதத்தில் முதல்முறையாக நாலு மணி நேரத் தூக்கம்.

அதற்குப் பிறகு டைமர் வைப்பதையே விட்டுவிட்டாள். யாரோ ஒரு கை கொடுக்கிறார்கள், யாராக இருந்தால் என்ன? அக்காவுக்கு நன்றாகத்தானே இருக்கிறது? பசித்துச் சாப்பிட்டாள். தலைவாரிக்கொண்டாள். சாப்பாடு ஊட்ட மட்டும் உள்ளே போனாள்; போகும்போது வேண்டுமென்றே செருமிக்கொண்டு போனாள்.

பக்கவாதம் அக்காவிடம் ஒரே ஒரு சொல்லைத்தான் விட்டுவைத்திருந்தது. "வேணாம்." தண்ணீர் கொடுத்தாலும் வேணாம், விளக்கைப் போட்டாலும் வேணாம், சிரிப்பு வந்தாலும் வேணாம். அதனால் ஒருநாள் ஊட்டி முடித்து எழுந்தபோது அக்கா தன் நல்ல கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு "வேணாம், வேணாம்" என்றதும், "சரிக்கா, வேணாம்னா வேணாம்" என்று சொல்லிக்கொண்டே விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். அக்காவின் கண்ணோரம் நனைந்திருந்தது. துடைத்துவிடத் துணியை எடுத்தபோது போர்வை விலகியது.

இடுப்பில் தடம்.

விரல் தடம். ஐந்து. ஒவ்வொரு விரலும் தொப்புளில் தொடங்கி, இடுப்பைச் சுற்றி, முதுகெலும்பு வரை போயிருந்தது.

தங்கை போர்வையை இழுத்து மூடினாள். முன்னறைக்கு வந்து நர்ஸுக்குப் போன் செய்தாள்.

"அக்காவக் கூட்டிட்டுப் போங்க. இன்னிக்கே."

"என்னம்மா ஆச்சு? அழறீங்களா?"

"இன்னிக்கே வாங்க."

"வண்டி நாளைக்குக் காலையிலதான் வரும். அதுவரைக்கும் தாக்குப்பிடிங்க. நீங்க நல்ல முடிவுதான் எடுத்திருக்கீங்க."

போனை வைத்தாள். அன்றிரவு அக்காவின் கட்டிலிலேயே உட்கார்ந்து விடிய விடிய விழித்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தாள். நடையில் மூன்றாவது எட்டு வைக்கும்போது இடது கால் அவளுடையதாக இல்லை. தலைக்குள் ஏதோ வெதுவெதுப்பாகப் பரவியது. தரை பக்கவாட்டில் எழுந்து வந்தது.

கண் திறந்தபோது சுவர் தெரிந்தது. மிக அருகில். சுண்ணாம்பின் வெடிப்புகூடத் தெரிந்தது. அவள் தன் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். மதிய வெளிச்சம் இன்னும் போகவில்லை. நடையில் விழுந்தவளுக்குக் கட்டில் வரை வந்த நினைவில்லை.

எழுந்திருக்கப் பார்த்தாள். உடம்பு வரவில்லை. கூப்பிடப் பார்த்தாள். நாக்கு ஈரத்துணி போல வாய்க்குள் கிடந்தது.

முதுகுப் பக்கம் உடை விலகியிருந்தது. ஒரு உள்ளங்கை அங்கே பவுடரைத் தட்டிக்கொண்டிருந்தது. மெதுவாக. பொறுமையாக. ஒரே தட்டில் முதுகு முழுவதும்.

தட்டுவது நின்றது.

இடுப்புக்கு அடியில் விரல்கள் நுழைந்தன. நீண்ட மூச்சு ஒன்று. அவள் புரண்டாள். புரட்டப்பட்டாள். சுவர் போனது. கூரை போனது. எதிர்க் கட்டில் வந்தது.

அக்கா அவளை நோக்கித்தான் படுத்திருந்தாள். கண்கள் விரியத் திறந்திருந்தன. ஆனால் அந்தக் கண்கள் தங்கையைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால், அவளுக்கு மேலே, கூரையும் சுவரும் சேருகிற மூலையைப் பார்த்தன.

பிறகு கீழே இறங்கத் தொடங்கின. சுவரின் பாதிக்கு. தலையணைக்கு. குனிகிற எதையோ விடாமல் பின்தொடர்ந்து வந்து, தங்கையின் காதருகே நின்றன.