புளி போட்டுத் தேய்த்த வானம்

அன்று காலை ஓவியா அறுநூறு விண்மீன் மண்டலங்களைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினாள்.

கழுவிய இடம், குளியல் தொட்டி. தேய்த்தது, பாத்திரம் விளக்கும் பச்சை நார். வேலை படு சுத்தம். சுத்தமாக இருந்ததுதான் தப்பு என்று அவளுக்குத் தெரிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

ஓவியாவின் அம்மா பவளம் ஒரு வானியலாளர். விண்மீன் மண்டலங்கள் வானத்தில் எங்கே கூட்டம் கூட்டமாக இருக்கின்றன, எங்கே ஒன்றுமே இல்லாமல் வெறிச்சோடிக் கிடக்கிறது என்று வரைபடம் போடுவது அவர் வேலை. அவரிடம் ஒரு பெரிய வட்டமான அலுமினியத் தட்டு இருந்தது. பார்த்தால் மாவு சலிக்கும் சல்லடைக்கு அண்ணன் மாதிரி இருக்கும். அதில் அறுநூறு குட்டி ஓட்டைகள்.

அம்மா மாணவியாக இருந்தபோது அந்தத் தட்டைத் தொலைநோக்கியில் மாட்டி, ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு கண்ணாடி இழையைச் சொருகுவார்களாம். ஓர் ஓட்டைக்கு ஒரு விண்மீன் மண்டலம். அதன் வெளிச்சம் சரியாக அந்த ஓட்டை வழியாக வந்து இறங்கும்.

ஒரே ஓர் ஓட்டையைச் சுற்றி மட்டும் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தது. அது ஒரு குவேசாருக்கு உரியது. குவேசார் என்றால், கண்ணுக்கு எட்டாத தொலைவில், ஒரு விண்மீன் மண்டலத்தின் நட்டநடுவே பயங்கரமாக ஒளிவிடும் பொருள். அம்மா தன் கையால் கண்டுபிடித்த முதல் குவேசார் அது.

இந்தத் தட்டை ஓவியா ஏன் தொட்டாள்? கோலத்துக்காக.

வரும் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் பொங்கல் கோலப் போட்டி. போன வருடம் ஓவியா போட்ட கோலத்தை, யாரோ மாவைக் கொட்டிவிட்டார்கள் என்று நினைத்து ஒரு ஆண்ட்டி பெருக்கி அள்ளிவிட்டார். அவளுக்குப் புள்ளி நேராக வராது. தட்டைத் தொட்ட அன்று பள்ளி விடுமுறை. வரவேற்பறையில் தட்டு சும்மா சாய்ந்திருந்தது. அறுநூறு புள்ளிகள், ரெடிமேடாக!

வீட்டு முன்னால் கார் நிறுத்தும் டிரைவ்வேயில் தட்டை வைத்தாள். சிவப்பு வட்டத்துக்கு மரியாதை செய்து அந்த ஓட்டையில் மட்டும் சிவப்புப் பொடி போட்டாள். மற்றவற்றில் வெள்ளைப் பொடியைத் தூவி உள்ளங்கையால் தடவினாள். தட்டைத் தூக்கினால் தரையெல்லாம் புள்ளி. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளைக் கோடு போட்டு இணைத்தாள். கோலம் மாதிரியும் இருந்தது, சிலந்தி மயங்கி விழுந்த மாதிரியும் இருந்தது.

தட்டில் பொடி அப்பியிருந்தது. போன வாரம் அம்மா குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தது நினைவுக்கு வந்தது. மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

"ஓவியா!" படுக்கையறைக் கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா குரல் கொடுத்தார். "அந்தத் தட்ட எடுத்து என் மேஜை பக்கத்துல வை கண்ணு. சிவப்பு வட்டம் கேமராவுக்குத் தெரியற மாதிரி."

ஓவியா கையிலிருந்த தட்டைப் பார்த்தாள். புது நாணயம் போல மின்னியது. வட்டத்தைக் காணோம்.

தட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். எங்கும் இல்லை.

பதினொரு மணிக்கு அம்மாவுக்கு வீடியோவில் நேர்காணல். பக்கத்திலிருக்கும் பல்கலைக்கழகத்தில் நிரந்தர வேலை. இதுவரை கிடைத்ததெல்லாம் மூன்று வருட வேலைகள். டெக்சாஸில் ஒன்று, நியூ ஜெர்சியில் ஒன்று, இப்போது இங்கே சான் ரமோனில் ஒன்று. வேலை முடிந்ததும் மூட்டை கட்ட வேண்டும். ஓவியாவுக்குப் புதுப் பள்ளி, புது பஸ், மதியச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் உட்கார ஆள் தேடும் அதே பழைய வேலை.

இந்த மூன்று வருடமும் முடியப் போகிறது. "இங்கிருந்தும் போறோமா அம்மா?" என்று நேற்றுக்கூடக் கேட்டாள்.

"அறுபது சதவீதம் இங்கதான் இருப்போம். பத்து கூடலாம், குறையலாம்" என்றார் அம்மா. சாம்பாரில் உப்பு இருக்கிறதா என்று கேட்டாலும் அம்மா அப்படித்தான் சொல்வார்.

"நேரா சொல்லேன்!"

"எங்க தொழில்ல யாரும் நூறுன்னு சொல்ல மாட்டோம் கண்ணு."

இப்போது அந்த அறுபதையும் ஓவியா புளி போட்டுத் தேய்த்துவிட்டாள்.

பக்கத்து வீட்டு ஷ்ரேயஸ் பின்கதவு வழியாக உள்ளே வந்தான். அவன் என்றைக்குமே அழைப்பு மணியை அடித்ததில்லை.

"வாவ், புதுத் தட்டா?"

"பழசுதான். கழுவிட்டேன்." அவள் விஷயத்தைச் சொன்னாள்.

ஷ்ரேயஸ் சாப்பாட்டு மேஜையிலிருந்து சிவப்பு மார்க்கரை எடுத்து நீட்டினான். "ஏதாவது ஒரு ஓட்டைய சுத்தி வட்டம் போட்டுடு. டூட், அறுநூறு இருக்கு. யாருக்குத் தெரியப் போகுது?"

நியாயமாகத்தான் பட்டது. ஓவியா மூடியைத் திறந்தாள். மார்க்கரின் முனை ஓர் ஓட்டைக்கு மேலே நின்றது.

அந்தக் குவேசாரின் வெளிச்சம் ஆயிரம் கோடி வருடங்கள் பயணம் செய்து வந்ததாக அம்மா சொல்லியிருக்கிறார். பூமி பிறப்பதற்கு முன்பே கிளம்பிய வெளிச்சம். அவ்வளவு தூரம் வந்ததைக் கடைசியில் பக்கத்து ஓட்டைக்குத் திருப்பி அனுப்புவதா? தபால்காரர் வேறு வீட்டில் பார்சலைப் போட்டுவிட்டுப் போனாலே அம்மா இரண்டு நாள் புலம்புவார்.

"முடியாது" என்று மூடியை மூடினாள். "அம்மாகிட்ட சொல்லப் போறேன்."

படுக்கையறைக் கதவைத் தட்டக் கையை ஓங்கினாள். உள்ளே அம்மா ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். "இதோ, இந்த ஓட்டையிலிருந்துதான் என் வேலை தொடங்கியது..." என்று ஆங்கிலத்தில் சொன்னார். நின்றார். மறுபடி அதையே சொன்னார். குரல் லேசாக நடுங்கியது. அம்மாவின் குரல் நடுங்கி ஓவியா கேட்டதே இல்லை.

ஓங்கிய கை அப்படியே நின்றது.

அப்போதுதான் வெளியே அந்தச் சத்தம். ர்ர்ர்ர்ர்ர். தெருவில் இலைகளை ஊதித் தள்ளும் இயந்திரம். வாராவாரம் தோட்டக்காரர் அதை முதுகில் மாட்டிக்கொண்டு வருவார். தரையில் கிடக்கும் இலை, தூசி, பொடி எல்லாம்...

பொடி!

"ஷ்ரேயஸ்! கோலத்துல சிவப்புப் புள்ளி இருக்கு! அதுதான் அந்த ஓட்டை!"

இருவரும் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தோட்டக்காரர் ஷ்ரேயஸ் வீட்டைத் தாண்டிவிட்டார். கோலத்தின் ஓரம் ஏற்கெனவே புகையாகக் கிளம்பிக்கொண்டிருந்தது.

"ஸ்டாப்!" என்று ஓவியா கத்தினாள். அவர் காதுகளில் பெரிய உறைகள். கேட்கவில்லை. இன்னொரு வரிசைப் புள்ளிகள் பறந்தன.

தட்டை ஷ்ரேயஸிடம் தள்ளிவிட்டு, கபடி ஆடுகிறவள் போலக் கைகளை விரித்து அவர் முன்னால் போய் நின்றாள். காற்று முகத்தில் அறைந்தது. தலைமுடி மொத்தமும் பின்னால் பறந்தது. வாய்க்குள் ஓர் இலை போனது.

இயந்திரம் நின்றது. அவர் காது உறையைக் கழற்றினார். கோலத்தைப் பார்த்தார். இலையைத் துப்பிக்கொண்டிருந்த ஓவியாவைப் பார்த்தார்.

"ப்ளீஸ்," என்றாள் அவள், "அஞ்சு நிமிஷம்." அவசரத்தில் அதைத் தமிழில் சொன்னாள். ஆனாலும் அவருக்குப் புரிந்தது.

தட்டைக் கோலத்துக்கு மேலே ஒரு விரல்கடை உயரத்தில் பிடித்தார்கள். கீழே வைத்தால் எல்லாம் கலைந்துவிடும்.

"மெதுவா சுத்து. எல்லா ஓட்டையிலயும் வெள்ளை தெரியணும்."

சுற்றினார்கள். ஓட்டைகளில் சிமெண்ட்தான் தெரிந்தது. இன்னும் சுற்றினார்கள். சிமெண்ட். தட்டு கனத்தது. முழு வட்டமும் வந்தாகிவிட்டது.

"ஒண்ணும் மேட்ச் ஆகல" என்று ஷ்ரேயஸ் மூச்சு வாங்கினான். "நீ வேற வானத்துக்குக் கோலம் போட்டிருக்க. என் கை கழண்டுடும்."

ஓவியா தட்டைப் பார்த்தாள். மேலே மங்கலாக இருந்தது. மங்கலா? அவள் தேய்த்தது மை இருந்த பக்கத்தை மட்டும்தானே? அந்தப் பக்கம் அல்லவா மேலே இருக்க வேண்டும்?

"தலைகீழா பிடிச்சிருக்கோம்! திருப்பு!"

திருப்பினார்கள். பளபளப்பு மேலே வந்தது. மறுபடி சுற்றினார்கள். சிமெண்ட், சிமெண்ட், சிமெண்ட். சட்டென்று ஓட்டைகளெல்லாம் ஒரே நேரத்தில் வெள்ளையாக எரிந்தன, யாரோ கீழே விளக்குப் போட்ட மாதிரி. பறந்துபோன ஓரம் மட்டும் இருட்டாக இருந்தது.

விளிம்பிலிருந்து கொஞ்சம் உள்ளே, ஒரே ஒரு சிவப்பு.

"மார்க்கர்!"

மார்க்கர் ஓவியாவின் சட்டைப் பையில் இருந்தது. அவள் இரண்டு கையும் தட்டில். விட்டால் தட்டு நகர்ந்துவிடும். உறை போட்ட இரண்டு பெரிய கைகள் வந்து அவள் பக்கத்து விளிம்பை அலுங்காமல் பிடித்துக்கொண்டன. தோட்டக்காரர்!

ஓவியா மூடியைப் பல்லால் இழுத்தாள். வட்டம் போட்டாள்.

"என்ன நடக்குது இங்க?"

வாசலில் அம்மா. மேலே நேர்காணலுக்கான கோட்டு, கீழே வீட்டில் போடும் பூப்போட்ட பைஜாமா. அவர் கண் தட்டில் நின்றது. அதன் பளபளப்பில் நின்றது.

"இதை யார் பண்ணினது?"

ஓவியா பல்லில் கடித்திருந்த மூடியை எடுத்தாள். "எண்பது சதவீதம் நான், அம்மா."

"மீதி இருபது?"

"புளி."

ஷ்ரேயஸ் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டான். அம்மா சிரிக்கவில்லை. ஓவியா எல்லாவற்றையும் சொன்னாள். கோலம், குளியல் தொட்டி, தப்பான ஓட்டையில் வட்டம் போட இருந்தது. அதையும் சொன்னாள்.

"இதுதான் சரியான ஓட்டைன்னு உனக்கு உறுதியாத் தெரியுமா?"

"பாரு அம்மா."

அம்மா குனிந்தார். வெள்ளை, வெள்ளை, வெள்ளை. ஒரு சிவப்பு. வெகுநேரம் பார்த்தார். பிறகு தட்டை நகர்த்தச் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். கூட்டம் கூட்டமாகப் புள்ளிகள், அவற்றை இணைக்கும் கோடுகள், நடுநடுவே ஒன்றுமே இல்லாத வெற்றிடங்கள்.

"அடிப்பாவி" என்றார் மெதுவாக. "இத்தனை வருஷமா நான் போடற படத்த டிரைவ்வேல போட்டு வச்சிருக்கியே." போனை எடுத்து அதைப் படம் பிடித்துக்கொண்டார். "கோபம் எனக்கு இருக்கு. அது அப்புறம். இப்ப தட்ட உள்ள கொண்டு வா."

படுக்கையறைக் கதவு மூடிக்கொண்டது. ஓவியா கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தாள். "இதோ, இந்த ஓட்டையிலிருந்துதான்..." என்று அம்மா உள்ளே தொடங்குவது கேட்டது. இந்தத் தடவை குரல் நடுங்கவில்லை.

கோபம் சொன்னபடி அப்புறம் வந்தது. ஒரு வாரத்துக்கு எல்லாப் பாத்திரமும் ஓவியா கழுவினாள், புளி இல்லாமல். கோலப் போட்டியில் பரிசு கிடைக்கவில்லை. ஆனால் யாரும் பெருக்கவும் இல்லை.

மாதக் கடைசியில் ஒரு நாள், பள்ளிவிட்டு வந்தபோது அம்மா சமையலறையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

ஓவியா பையைக் கூட இறக்கவில்லை. "நாம இங்கிருந்து போறோமா அம்மா?"

"இல்ல."

அவள் காத்திருந்தாள். பத்து கூடலாம், குறையலாம் என்று பின்னாலேயே ஏதாவது வரும். எதுவும் வரவில்லை.

"எத்தனை சதவீதம்?"

அம்மா அவள் முதுகிலிருந்த பையை இறக்கிக் கீழே வைத்தார்.

"நூறு."