சிவப்புப் புள்ளி

ஆமையைப் புதைத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. குளத்தில் தவளைச் சத்தமே இல்லை என்பதை அன்று மாலைதான் அவள் கவனித்தாள்.

மழை விட்டிருந்தது. சமையலறை ஜன்னல் வழியாக எப்போதும் வரும் பாசி மணத்துக்கு அடியில், மூடிவைத்து மறந்துபோன பாத்திரத்தைத் திறந்தது போல ஒரு புளித்த வாடை மெல்ல ஏறி வந்து, அவள் கழுவிக்கொண்டிருந்த தட்டுகளின் மேல் தங்கியது.

அந்த வாடை அவளுக்குத் தெரியும். வனவிலங்கு மீட்பு மையத்தில் அவள் கால்நடை மருத்துவர். கடத்தல்காரர்களிடம் பிடிபட்டு வரும் ஆமைகளில், நோய் கண்டதன் ஓட்டில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைப்பாள். மையத்தில் இடமில்லாமல் அப்படி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து குளியலறைத் தொட்டியில் வைத்திருந்தாள். அந்தத் தண்ணீர் ஒரு சொட்டுகூடப் பின்னாலிருக்கும் குளத்தில் கலக்கக் கூடாது. அங்குள்ள ஆமைகளுக்கும் தவளைகளுக்கும் அந்த நோய் புதிது, தாங்காது. அவள் நடை பழகும் முன்பே கரையில் வெயில் காய்ந்தவை அந்த ஆமைகள்.

ஒருநாள் வேலையிலிருந்து திரும்பியபோது தொட்டி காலி. "செத்துப்போச்சு, புதைச்சுட்டேன்" என்றான் அண்ணன். மண்வெட்டி கழுவி வைக்கப்பட்டிருந்தது. அவள் வேறொன்றும் கேட்கவில்லை.

பின்கதவின் அடியில் ஏதோ சுரண்டியது.

"அண்ணா, கேக்குதா?"

"எலியா இருக்கும். டாக்டரம்மாவுக்கு எலின்னா பயமா?" கூடத்திலிருந்து சிரித்தான்.

மறுபடி. மரத்தில் நகம். மெதுவாக.

"எலி இப்படி நின்னு நின்னு சுரண்டாது."

கூடத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

தாழ்ப்பாளை நீக்கினாள்.

படியில் ஆமை. ஓட்டில் சிவப்புப் புள்ளி.

புதைத்த ஆமை.

ஆனால் ஓட்டில் மண் இல்லை. பாசி.

அது அவளைக் கடந்து குளியலறைப் பக்கம் கழுத்தை நீட்டியது. தொட்டி இருந்த பக்கம்.

நிமிர்ந்தாள். குளத்திலிருந்து படிவரை கற்கள். மழையில் நனைந்த கற்கள்.

ஒரு கல் கழுத்தை நீட்டியது.

வீங்கி மூடிய கண்கள். மூக்கில் நுரை. திறந்தபடி நின்ற வாய்கள். சில நகர்ந்தன. பல நகரவில்லை.

அண்ணன் பின்னால் வந்து நின்றான்.

"எங்கண்ணா புதைச்ச?"

"தொட்டிக்குள்ளயே சுத்திச் சுத்தி வந்துச்சு பாப்பா. பாக்கப் பாவமா இருந்துச்சு."

"எங்க புதைச்ச?"

"புதைக்கல. குளத்துல விட்டேன்."