சோத்துக்கைப் பக்கம்

யதுசனின் அம்மா சயந்தினியிடம் ஓட்டுநர் உரிமம் இருந்தது. அதைக் கைப்பையின் உள்ளறையில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடிப் பத்திரமாக வைத்திருந்தார். காரைத்தான் தொடமாட்டார்.

இரண்டு தடவை பரீட்சையில் தவறி, மூன்றாம் தடவை தேறியவர் அவர். அன்று அப்பா கேசரி கிண்டி ஊரையே கூட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அம்மா கார் ஓட்டிப் போன மிகப்பெரிய பயணம், டார்ம்ஸ்டாட்டில் அவர்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருக்கும் தமிழ்க் கடைக்குத்தான். திரும்பி வரும்போது அப்பாதான் ஓட்டினார். கேட்டால், "வெண்டிக்காயைப் பாத்துக்கொண்டு வந்தனான்" என்றார் அம்மா.

அப்படியிருந்த அம்மாவைத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் யதுசன் கெஞ்சிக்கொண்டு நின்றான்.

யதுசனுக்குப் பத்து வயது. நீச்சல் கழகத்தில் தொடர் நீச்சல் அணியில் இருந்தான். நான்கு பேர் ஒருவர்பின் ஒருவராக நீந்த வேண்டும். ஒருவர் வராவிட்டால் நான்கு பேருக்கும் இல்லை. அன்று போட்டி வால்ட்பாக் என்ற சின்ன நகரத்தில். எல்லோரும் ரயிலில் சேர்ந்து போவதாக ஏற்பாடு. ஆனால் காலையில் பயிற்சியாளர் கெல்லரிடமிருந்து செய்தி வந்தது: "ரயில் ரத்து. எல்லோரும் காரில் வாருங்கள்."

அப்பாவை அவரோடு வேலை செய்பவர் விடியவே வேலைக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மற்ற மூன்று பையன்களையும் யதுசன் தொலைபேசியில் கூப்பிட்டுப் பார்த்தான். மூவரும் ஏற்கெனவே வழியில்.

"அம்மா, நான் போகாட்டி அவங்கள் மூண்டு பேரும் சும்மா நிண்டு பாக்க வேணும்."

அம்மா ஜன்னல் வழியாகக் கீழே நின்ற காரைப் பார்த்தார். ஏதோ கடிக்கிற நாயைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"எனக்கு வழி தெரியாதே, தம்பி."

"நவி அன்ரி சொல்லுவா!"

காரில் பழைய வழிகாட்டிக் கருவி ஒன்று இருந்தது. ஜெர்மன்காரர் அதைச் செல்லமாக நவி என்பார்கள். அதற்குள்ளிருந்து ஒரு பெண்குரல் ஜெர்மனில் வழி சொல்லும். அப்பா அந்தக் குரலுக்கு நவி அன்ரி என்று பெயர் வைத்திருந்தார். வைத்ததோடு சரி, அவர் தன் கைப்பேசியில்தான் வழி பார்ப்பார். அம்மாவின் கைப்பேசியிலோ மாதக் கடைசியில் இணையம் தீர்ந்துபோயிருந்தது. ஆகவே பல வருடங்களாகப் பேசாமல் கிடந்த அன்ரிக்கு அன்று வேலை வந்தது.

அம்மா மூச்சை இழுத்து விட்டார். "சரி. ஏறு. முருகா!"

யதுசன் பின்னால், சிறுவருக்கென்று வைக்கும் தன் உயர இருக்கையில் ஏறி இருக்கைப் பட்டியைப் பூட்டினான். கார் முதலில் ஒரு துள்ளுத் துள்ளியது. பிறகு நல்ல பிள்ளையாக ஓடியது.

அம்மாவுக்கு ஜெர்மன் நன்றாகத் தெரியும். டாக்டரோடு கதைப்பார், பாடசாலைக் கூட்டத்தில் கேள்வி கேட்பார். ஆனால் பதற்றம் வந்துவிட்டால் ஜெர்மன் முழுவதும் பறந்துவிடும். அன்ரியோ நிறுத்தாமல் பேசினார். முந்நூறு மீற்றரில் அது, இருநூறு மீற்றரில் இது.

"யது, அன்ரி சொல்லுறது எனக்கு ஒண்டும் ஏறுதில்லை. நீ தமிழிலை சொல்லு. சோத்துக்கைப் பக்கமோ, மற்றப் பக்கமோ, அவ்வளவுதான்."

அவர்கள் வீட்டில் அப்படித்தான் பேச்சு. வலப்பக்கம் என்று யாரும் சொல்வதில்லை. சோறு சாப்பிடுகிற கைப்பக்கம், சோத்துக்கைப் பக்கம். மற்றக் கைக்கும் ஒரு பெயர் உண்டு. அதை இங்கே எழுதினால், சாப்பிட்டுக்கொண்டே வாசிக்கிறவர்கள் கோபிப்பார்கள்.

நகர எல்லையில் அன்ரி, "லிங்ஸ்" என்றார்.

"சோத்துக்கைப் பக்கம், அம்மா!" என்றான் யதுசன்.

அம்மா அழகாகச் சமிக்ஞை விளக்கைப் போட்டுத் திரும்பினார். உடனே அன்ரி, பாதையைப் புதிதாகக் கணக்கிடுவதாகச் சொன்னார்.

"ஏன் அன்ரி திரும்பக் கணக்குப் பாக்கிறா?"

"தெரியேல்லை. இப்ப ரெஹ்ட்ஸ் எண்டுறா. மற்றப் பக்கம் திரும்புங்கோ."

அம்மா திரும்பினார். தெரு ஒடுங்கியது. தார் மறைந்து மண் வந்தது. கடைசியில் ஒரு மரவேலி வந்தது. வேலிக்கு மேலே தலையை நீட்டி ஒரு குதிரை அவர்களை எட்டிப் பார்த்தது.

அம்மா காரை நிறுத்தினார். "இதுதானோ நீச்சல் குளம்?"

யதுசனுக்கு முகம் சுட்டது. "அன்ரி சொன்னதைத்தான் நான் சொன்னனான்."

"சோத்துக்கைப் பக்கம் எண்டாய். நான் திரும்பினன்."

"இல்லை அம்மா, இப்பதான் விளங்குது, நீங்கள் மற்றப் பக்கமல்லோ திரும்பினீங்கள்!"

"எங்கை, உன்ர சோத்துக்கையைத் தூக்கு பாப்பம்."

யதுசன் தூக்கினான். அம்மாவும் தன் கையைத் தூக்கிக்கொண்டு பின்னால் திரும்பினார். அம்மா தூக்கியது வலக்கை. யதுசன் தூக்கியது இடக்கை.

யதுசன் இடக்கைக்காரன். எழுதுவதும் பந்து எறிவதும் இடக்கையால்தான். சோற்றையும் இடக்கையால்தான் பிசைவான். சின்ன வயதில் அப்பா மாற்றிப் பார்த்தார். முடியவில்லை. பிள்ளை சாப்பிட்டால் போதும் என்று விட்டுவிட்டார். சோத்துக்கை என்றால் அவரவர் சாப்பிடுகிற கை என்றுதான் யதுசன் இத்தனை நாளும் நினைத்திருந்தான். ஆகவே அன்ரி லிங்ஸ், அதாவது இடப்பக்கம், என்றதும் சோத்துக்கைப் பக்கம் என்றான்; ரெஹ்ட்ஸ், அதாவது வலப்பக்கம், என்றதும் மற்றப் பக்கம் என்றான். அதில் அவன் பிழை என்ன?

அம்மா இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்ததில் ஹார்ன் அழுந்திவிட்டது. குதிரை வெறுத்துப்போய் அப்பால் நடந்தது. வெட்கத்தோடு இருந்த யதுசனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"அம்மா, நான் முன்னுக்கு வரட்டோ?" என்றான் சிரித்து முடித்ததும். "நீங்கள் இருக்கிறது உங்கட பக்கம். நான் இருக்கிறது என்ர பக்கம். அப்ப கையே தேவையில்லை."

அம்மா யோசித்தார். "ஓம், அது நல்லது. வா."

யதுசன் உயர இருக்கையைத் தூக்கிக்கொண்டு போய் முன்னால் வைத்து ஏறினான்.

அதற்குப் பிறகு வேலை சுத்தமாக நடந்தது. அன்ரி ஜெர்மனில் சொல்வார். யதுசன் ஆறுதலாக, "அடுத்த சந்தியிலை உங்கட பக்கம். இன்னும் தூரம் கிடக்கு, அவசரமில்லை" என்பான். அம்மா தலையாட்டுவார். ஒரு வளைவை அம்மா தவறவிட்டபோதுகூட அன்ரி கோபிக்கவில்லை. வேறொரு வழி கண்டுபிடித்துக் கொடுத்தார்.

"பாத்தியே, ஏசாமல் சொல்லித் தாறா" என்றார் அம்மா. "உன்ர அப்பாவிட்டைக் கார் ஓட்டப் பழகேக்கை இப்பிடியே இருந்தது?"

காடு வந்தது. காட்டைத் தாண்டி அகலமான புதுச் சாலை ஒன்று வந்தது. யதுசன் நவியின் திரையைப் பார்த்துத் திடுக்கிட்டான்.

"அம்மா, நாங்கள் வயலுக்குள்ளாலை போறம்!"

திரையில் சாலையே இல்லை. பச்சை வெளியில் அவர்களின் கார் தன்னந்தனியாக ஓடிக்கொண்டிருந்தது. அன்ரிக்கும் தலை சுற்றியிருக்க வேண்டும். "பிட்டே வெண்டன்" என்று சொல்லத் தொடங்கினார். தயவுசெய்து திரும்புங்கள் என்று அர்த்தம். ஒரு தரமா, இரண்டு தரமா? விடாமல் சொன்னார்.

அடுத்த கிராமத்தில் தெருவுக்குக் குறுக்கே சிவப்பு வெள்ளைத் தடுப்பு நின்றது. வழி மூடியிருந்தது. பின்னால் வந்த கார்க்காரர் ஹார்ன் அடித்தார். அம்மா அவசரமாக ஓரத்து வெளியில் காரை ஒதுக்கி நிறுத்தினார்.

"எனக்கு ஏலாது, யது. வீட்டை போவம். அன்ரியும் திரும்பத்தானே சொல்லுறா."

யதுசனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூன்று பேரும் குளக்கரையில் வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பது கண்ணுக்குள் தெரிந்தது. கோபமும் வந்தது. எல்லா அம்மாமாரும் ஓட்டுகிறார்கள்தானே என்று சொல்ல வாய் திறந்தான். அப்போதுதான் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அந்தச் சொல் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

அவன் கையை நீட்டி நவியின் சத்தத்தை அமர்த்தினான். கார் அமைதியாகியது.

"அன்ரி பாவம், அம்மா. இந்த ரோட்டு போட முதலே அவவுக்கு வழிப்படம் குடுத்திட்டினம். வழி மூடினதும் அவவுக்குத் தெரியாது. ஆனா அங்கை பாருங்கோ."

தடுப்புக்குப் பக்கத்தில் மஞ்சள் பலகை ஒன்று இருந்தது. மாற்றுவழி என்று எழுதி அம்புக்குறி போட்டிருந்தார்கள்.

"அது இப்பத்தான் ஆரோ வந்து வைச்சது. அது சரியாத்தானே இருக்கும்? அடுத்த மஞ்சள் பலகை வரைக்கும் மட்டும் போய்ப் பாப்பம். பயமா இருந்தா, அதிலை நிப்பாட்டுங்கோ."

"அடுத்த பலகை வரைக்கும் மட்டும்" என்றார் அம்மா.

"ஓம். பின்னுக்கு வாறவை கத்தட்டும். நாங்கள் ஆறுதலாப் போவம்."

அடுத்த பலகை வந்தது. அம்மா நிறுத்தவில்லை. அதற்கடுத்ததும் வந்தது. பன்றிப் பண்ணை ஒன்று நாறிக்கொண்டு கடந்து போனது. ஒரு மேட்டில் ஏறி இறங்கியதும் வால்ட்பாக் என்ற பெயர்ப்பலகை தெரிந்தது.

"வந்திட்டம்!" என்று கத்தினார் அம்மா. யதுசனைவிடப் பெரிதாகக் கத்தினார்.

ஆனால் நகரத்துக்குள் மஞ்சள் பலகை இல்லை. ஒருவழித் தெருக்கள் முறுக்கு மாதிரிச் சுற்றிச் சுற்றிப் போயின. யதுசன் அன்ரியின் சத்தத்தைத் திரும்பக் கூட்டினான். பழைய நகரத்தில் ஒரு தெருவும் மாறியிருக்கவில்லை. ஒவ்வொரு சந்தும் அன்ரிக்கு மனப்பாடம். உங்கட பக்கம், என்ர பக்கம், திரும்ப என்ர பக்கம் என்று யதுசன் சொல்லச் சொல்ல, அன்ரி நேராக நீச்சல் குளத்து வாசலில் கொண்டுபோய் விட்டார்.

அணியின் மற்ற மூன்று பேரும் நீச்சல் தொப்பியோடு வாசலில் நின்றார்கள். யதுசன் ஓடினான்.

அன்று அவர்கள் அணி மூன்றாவதாக வந்தது. அம்மா பார்வையாளர் பக்கத்தில் எழுந்து நின்று, "யது, விடாதை, இழு, இழு!" என்று தமிழில் கத்தினார். பக்கத்தில் இருந்தவர்கள் அர்த்தம் தெரியாமலே கூடச் சேர்ந்து, "இழு, இழு" என்று கத்தினார்கள்.

எல்லாம் முடிந்ததும் பயிற்சியாளர் கெல்லர் கேட்டார். "எமிலின் அப்பா அவனை இறக்கிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். ரயில் இன்னும் ஓடவில்லை. யாருடைய காரிலாவது இடம் இருக்கிறதா?"

எமிலும் யதுசனின் அணிதான். யதுசன் அம்மாவைப் பார்க்காமல் சப்பாத்து நூலைக் கட்டினான். வரும்போது பட்ட பாடு போதும், அம்மாவை இன்னும் கஷ்டப்படுத்தக் கூடாது என்று நினைத்தான்.

நிமிர்ந்தபோது அம்மாவின் கை உயர்ந்திருந்தது.

"என் காரில் இருக்கிறது" என்றார் ஜெர்மனில், தெளிவாக.

எமில் பின்னால் ஏறினான். யதுசன் முன்னால் அமர்ந்து, நவியின் திரையைத் துடைத்து, வழி சொல்வதற்குத் தயாராக நிமிர்ந்து உட்கார்ந்தான். நீந்திய களைப்பு. வெயில் கண்ணாடி வழியாக முழங்காலில் இதமாக விழுந்தது. முதல் மஞ்சள் பலகையைக் கண்டது மட்டும்தான் அவனுக்கு ஞாபகம் இருக்கிறது.

"தம்பி, எழும்பு."

யதுசன் துள்ளி எழுந்தான். "எந்தப் பக்கம்? உங்கட பக்கமோ, என்ர பக்கமோ?"

"ஒரு பக்கமும் இல்லை. வீட்டு வாசலிலை நிக்கிறம்."

யதுசன் வெளியே பார்த்தான். அவர்கள் வீடுதான். பின்னால் பார்த்தான். இருக்கை வெறுமையாக இருந்தது.

"எமில் எங்கை?"

"அவனை அப்பவே கொண்டுபோய் விட்டாச்சு" என்று சொல்லிவிட்டு, அம்மா கார்ச் சாவியைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினார்.