ரெட்டைச் சடை

முக்கூடலில் அந்தக் கல்யாண வீட்டுக்குள் யூனிஸ் நுழைந்தபோது காலை ஏழு மணி. வண்ணார்பேட்டையில் அழகு நிலையம் வைத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இருநூறு மணப்பெண்களுக்காவது தலை அலங்காரம் செய்திருப்பாள். தன் கல்யாணத்துக்குத் தானே கட்டிய கொண்டை மட்டும் சர்ச் வாசலிலேயே அவிழ்ந்து விழுந்தது. அதை அவள் யாரிடமும் சொல்வதில்லை.

எல்லாரும் மண்டபத்துக்குப் போயிருந்தார்கள். வீட்டுக்குள் மணப்பெண் பிரம்மநாயகியும் அவளுடைய அத்தை முத்துராணியும்தான். வாசலில் காரோடு பெண்ணின் தம்பி செந்தில்முருகன். எட்டரைக்குக் கிளம்பினால்தான் ஒன்பது மணி முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர முடியும்.

"கொண்டைதான்க்கா. போன்ல சொன்னேம்லா, லூசா..." என்று ஆரம்பித்தாள் பெண்.

"லூசாவா?" என்றாள் முத்துராணி. "ஏட்டி, அவுந்த தலையோட மணவறையில உக்காந்தா ஊரு சிரிக்கும். சடை பின்னி, குஞ்சலம் வச்சு, பிச்சிப்பூ சுத்தணும்."

அரை மணி நேரச் சண்டையில் அத்தைதான் ஜெயித்தாள். மணப்பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அத்தை காப்பி போட அடுப்படிக்குப் போனாள்.

யூனிஸின் பையில் கொண்டைக்கு வேண்டிய சகலமும் இருந்தது, குஞ்சலம் இல்லை. சுற்றும் முற்றும் பார்த்தாள். மூலையில், உயரமான பலகைமேல் ஒரு ஓலைப்பெட்டி. திறந்தால் சீப்பு, கைக்கண்ணாடி, மடிப்புக் கலையாத சிவப்பு ரிப்பன் இரண்டு, கண்ணாடி வளையல், குஞ்சலம். எல்லாமே புத்தம் புதுசு. பெண்ணுக்கென்று வாங்கி வைத்ததாக்கும் என்று நினைத்தாள். வளையல் சின்னப்பிள்ளை கைக்குரிய அளவில் இருந்தது. அதையாவது அவள் யோசித்திருக்க வேண்டும்.

சடையைப் பின்னி, நுனியில் குஞ்சலத்தைக் கட்டினாள். பூவை எடுக்கத் திரும்பினாள்.

மறுபடி பார்த்தபோது பிரம்மநாயகியின் தலையில் ரெட்டைச் சடை இருந்தது. காதோரம் மடித்து, சிவப்பு ரிப்பன் வைத்துக் கட்டிய பள்ளிக்கூடச் சடை.

"என்னக்கா, அஞ்சாங்கிளாஸுக்கு அனுப்புதீங்களா?" கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள் பெண்.

"காப்பி குடிக்காத கை தாயி, சொன்ன பேச்சு கேக்காது" என்றாள் யூனிஸ். பயந்தால் அவளுக்கு வாய் ஓயாது. அவிழ்த்தாள். ஒற்றைச் சடையாகப் பின்னினாள். இந்தத் தடவை திரும்பவே இல்லை; கண்ணை ஒரு முறை சிமிட்டினாள், அவ்வளவுதான்.

ரெட்டைச் சடை.

அறையில் பாசி வாடை அடித்தது. உலர்த்தி வைத்திருந்த கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டியது.

பிரம்மநாயகி இப்போது சிரிக்கவில்லை.

"அக்கா... பின்னால யாரோ புடிச்சி இழுக்காவ."

அவள் எழப் பார்த்தாள். இரண்டு சடையும் விறைத்துப் பின்னுக்கு நீண்டன. கழுத்து மல்லாந்தது. யூனிஸ் சடைகளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். எதிர்ப்பக்கத்துப் பிடி தளரவில்லை.

வெளியே கார் ஹாரன் அடித்தது. "ஏ அத்தே! மணி எட்டாச்சு!"

காப்பியோடு வந்த முத்துராணி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். முதலில் ரிப்பனைப் பார்த்தாள். பிறகு பலகையைப் பார்த்தாள்.

"கன்னிப் பெட்டியையா தொறந்த?" குரல் காற்றாக வந்தது. "கல்யாணம் ஆவாமச் செத்த பிள்ளைக்கு வருஷா வருஷம் வாங்கி வைக்கிறதும்மா அது. எங்க அக்கா."

"அக்காவா?"

"பன்னெண்டு வயசு. பள்ளிக்கூடத்துல போட்டோ எடுக்காவன்னு தலை முழுக ஆத்துக்குப் போனா. அம்மை சீப்பும் ரிப்பனுமா உக்காந்திருந்தா. வரவே இல்ல."

ஐம்பத்தைந்து வயதுக்காரி ஒரு சிறுமியை அக்கா என்றது யூனிஸுக்கு எங்கோ போய்த் தைத்தது.

பிரம்மநாயகியின் உதடு நீலம் பாரித்தது. வாய் திறந்தது. வந்த குரல் அவளுடையது அல்ல.

"போட்டோவுக்கு நேரமாச்சி."

யூனிஸ் ஒரு ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டாள். பெண்ணின் சடையிலிருந்து ரிப்பன்களை உருவி எடுத்தாள். கீழே கிடந்த குஞ்சலத்தைப் பெட்டியில் திரும்ப வைத்தாள். இருநூறு பெண்களிடம் கேட்ட கேள்வியை வெறும் ஸ்டூலிடம் கேட்டாள்.

"வா தாயி. ஒனக்கு எப்படிப் போடணும்? ரெட்டைச் சடைதான?"

ஸ்டூல் கிறீச்சிட்டது.

கையை நீட்டினாள். மணப்பெண் உயரத்துக்கு ஒரு சாண் தாழ, விரலில் ஈரக் கூந்தல் தட்டுப்பட்டது. அதில் நறநறவென்று மணல். கண்ணை மூடிக்கொண்டு பைய வகிடு எடுத்தாள், பின்னினாள், மடித்தாள், ரிப்பனைக் கட்டினாள். கண்ணைத் திறந்தாள்.

இரண்டு சிவப்பு முடிச்சுகள் காற்றில் நின்றன. விழவில்லை.

பிரம்மநாயகி இருமிக்கொண்டே நிமிர்ந்தாள். அவள் கூந்தல் உலர்ந்து முதுகில் சரிந்து கிடந்தது.

"கொண்டையே போட்டுரும்மா," என்றாள் முத்துராணி, முந்தானையை வாயில் அழுத்தியபடி. "பிள்ளை ஆசைப்பட்டபடியே. லூசாவே போடு."

எட்டு நிமிஷத்தில் போட்டாள். அவள் வாழ்க்கையிலேயே அழகான கொண்டை அதுதான். அத்தையும் பெண்ணும் ஏற, கார் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. "சாமானை எடுத்துட்டுப் பின்னாலேயே பஸ்ல வாரேன்" என்று கையசைத்தாள் யூனிஸ்.

உள்ளே வந்தாள். ஸ்டூலைப் பார்க்கவில்லை. மூலையையும் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு முன் குனிந்து கொண்டை ஊசிகளைப் பொறுக்கினாள்.

அவள் கழுத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

சின்ன விரல்கள் அவள் கூந்தலுக்குள் நுழைந்தன. நெற்றியிலிருந்து பிடரி வரை, நேர் நடுவில், குளிர்ந்த சீப்பு ஒன்று பொறுமையாக வகிடு எடுத்தது.

"அசையாதீங்க அக்கா," என்றது காதோரம். "ஒங்களுக்கு ஒருத்தருமே போட்டு விடலியா?"