தாயத்தில் இருந்தது

இலை சுட்டது.

பள்ளிக்கூட வேலை முடிந்து வந்து கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல், படிந்திருந்த தூசியைத் துடைக்கத் தொட்ட சந்திரிகா வெடுக்கென்று விரலை இழுத்துக்கொண்டாள். கூடுவாஞ்சேரியில் காலையிலிருந்து மழை. ஹாலின் அந்த மூலைக்கு வெயில் வருவதே இல்லை. மறுபடி தொட்டாள். காய்ச்சல் இறங்கிய பிறகும் குழந்தையின் நெற்றியில் மிஞ்சுமே, அந்தச் சூடு. நான்கு மாதமே வாழ்ந்த மகள் சினேகாவை மடியில் போட்டுக்கொண்டு தொட்டுத் தொட்டுப் பார்த்தவளுக்கு அது தெரியும்.

செடியைக் கணவன் மோகன்ராஜ் போன வாரம் கொண்டுவந்தான். ஓவியன். குழந்தை போனபோது அவன் அழவில்லை. எனக்கு வேலைதான் மருந்து என்றான். தூரிகையை விட்டுவிட்டு, காட்டாங்குளத்தூர் பக்கம் நண்பன் வைத்திருக்கும் ஆய்வகத்தில் செடிகளின் மரபணுவை மாற்றி வளர்க்க ஆரம்பித்தான். அதுதான் இனி அவன் கலையாம். சனிக்கிழமை கண்காட்சி. பார்வைக்கு நித்தியகல்யாணிதான், பூவிதழ்கள் மட்டும் தோலைப்போலத் தடித்து, மெல்லிய மயிர் படர்ந்திருந்தன.

மின்சாரம் போனது. மின்விசிறி நின்றதும், மழைச் சத்தத்துக்கு அடியில், தொட்டி மண்ணுக்குள்ளிருந்து சப்புக்கொட்டுவதுபோல ஈரமாக ஒரு ஒலி விட்டுவிட்டு வந்தது. போனை எடுத்தாள்.

"ஏங்க, அந்தச் செடி சூடா இருக்கு."

"தொட்டுட்டியா? தொடாதேன்னு சொன்னேன்ல."

"அதுல என்ன வெச்சிருக்கீங்க?"

ஜி.எஸ்.டி. ரோட்டின் ஹாரன்களுக்கு மேலாகக் குரலை உயர்த்தினான். "மனுஷ ஜீன் ஒண்ணு. ஷோ அன்னிக்குச் சொல்லலாம்னு இருந்தேன்."

"யாரோடது?"

"சந்திரி... ஒரு விதத்துல நம்ம பாப்பா திரும்ப..."

அவள் பீரோவுக்கு ஓடினாள். புடவைகளுக்கு அடியில் சினேகாவின் வெள்ளித் தாயத்து. உதிர்ந்த தொப்புள்கொடியைக் காயவைத்து அதற்குள் போட்டு, குழந்தையின் இடுப்பில் கட்டியிருந்தது. மகளுடையதென்று அவளிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். மூடி திறந்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்ப," போன் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. "வந்துட்டே இருக்கேன். பிரஸ்லேருந்து ரெண்டு பேர் கூட வராங்க. நீ எதுவும் பண்ணிடாத."

என் பிள்ளையைச் சுரண்டி எடுத்துக் காட்சிக்கு வைக்கிறான். அழுகைகூட வரவில்லை. ஹாலுக்கு வந்து செடியைத் தண்டோடு பிடித்து இழுத்தாள்.

காத்திருந்ததுபோல வந்துவிட்டது.

பின்வாசல் வழியாக மழையில் வீசிவிட நினைத்தாள். கையை உதறினாள். விழவில்லை. வெள்ளை வெளேரென்ற வேர்கள் அவள் சுண்டுவிரலைச் சுற்றிப் பிடித்திருந்தன. மிருதுவான பிடி. விடாத பிடி. இன்னொரு கையால் பிரிக்கப் போனாள். அந்தக் கையையும் பற்றிக்கொண்டது.

அப்போது நெஞ்சு கனத்தது. இரண்டு வருடமாக வறண்டு கிடந்த மார்பு. ஐயோ, வேண்டாம். ரவிக்கை நனைந்தது.

சப்புக்கொட்டும் ஒலி நின்றது.

வேர்நுனிகள் மேல்நோக்கித் திரும்பின. முழங்கை. தோள். கழுத்து. ஈரத்தை மோப்பம் பிடித்து இறங்கின. அவள் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். கத்த வாய் திறந்தாள். சத்தம் வரவில்லை. வலித்தது. வலிக்கு நடுவே, வேர் பற்றிய கையொன்று தானாக எழுந்து செடியைத் தட்டிக்கொடுத்தது. அதை அவளால் நிறுத்த முடியவில்லை.

கேட் திறந்தது. செருப்புச் சத்தங்கள். போன் வெளிச்சம் அவள்மேல் விழுந்தது. பின்னால் யாரோ "கடவுளே" என்றார்கள். மோகன்ராஜ் இரண்டடி முன்னால் வந்தான்.

"எடுத்துடுங்க," என்றாள். காற்றாகத்தான் வந்தது. "எடுத்துடுங்க, ப்ளீஸ்."

அவன் குனிந்தான். நீட்டிய கை பாதியில் நின்றது. மெல்லப் பின்வாங்கி, போனை இரு கைகளாலும் நேராகப் பிடித்துக்கொண்டான்.

"அசையாத சந்திரி," அவன் குரல் நெகிழ்ந்திருந்தது. "அப்படியே இரு."

அந்த வெளிச்சத்தில், பால் நிறத்திலிருந்த வேர்கள் ஒவ்வொன்றாகச் சிவந்துகொண்டிருந்தன.