பெயர் சொல்லாத அறை

கருவறைக்குள் தூசி ஓரிடத்தில் நிற்கவில்லை. டார்ச் வெளிச்சத்தில் அது மெதுவாக உள்ளே போனது, சற்று நின்றது, பிறகு வெளியே வந்தது. ஜன்னல் கிடையாது, மூன்று பக்கமும் கருங்கல், நாலாவது பக்கம் ஒரே வாசல், அதிலும் கனத்த திரை. எண்ணெயும் ஈரமும் பல நூறு வருஷத்துக் கற்பூரப் புகையும் கலந்து ஊறிய அந்த இருட்டில், காற்று வர வழியே இல்லாத இடத்தில், தூசி எதற்காகப் போய்ப் போய் வருகிறது என்று அவனுக்குப் புரியவில்லை. கோயில் திருப்பணிக்கு இன்ஜினியராக வந்து இரண்டு மாதம் ஆகிறது. ஒருநாளும் இப்படிப் பார்த்ததில்லை.

மதிய நேரம். மற்றவர்கள் மண்டபத்தில் சாப்பாட்டுக் கேரியரைப் பிரித்திருந்தார்கள். அவனுக்கு எட்டு மாதமாகப் பசி வருவதில்லை. மணி பார்த்துச் சாப்பிடுவான்.

அம்மன் அப்போது அங்கே இல்லை. சிலை இருந்தது, அம்மன் இல்லை. வேலை தொடங்கிய அன்று குருக்கள் மந்திரம் சொல்லி, சிலையிலிருந்த சக்தியை ஒரு குடத்து நீரில் இறக்கி, வெளிப் பிரகாரத்தில் சின்னதாக ஒரு கொட்டகை போட்டு அங்கே வைத்துவிட்டார். பூசையெல்லாம் அங்கேதான். குடமுழுக்கு அன்று அந்தச் சக்தியைக் குட நீரோடு சிலைக்குத் திரும்பக் கொண்டுவருவார்கள். அதுவரை வேலைக்காரர்கள் கருவறைக்குள் வரலாம், சுவரைத் தேய்க்கலாம், ஏணி போடலாம்.

"இப்போ இது வெறும் ரூம்தான் சார்," என்று குருக்கள் முதல் நாளே சொல்லியிருந்தார். "வெள்ளையடிக்கறாங்கன்னு குடியிருக்கறவங்க வெளியில போயிருக்காங்க, அவ்வளவுதான். ஒண்ணே ஒண்ணு. உள்ள நின்னுக்கிட்டு யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க."

"கூப்பிட்டா?"

"காலி வீடு சார். யார் வந்து உக்காருவாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

அதனால் உள்ளே எல்லோருக்கும் தொழில்தான் பெயர். கல்லு, சுண்ணாம்பு, ஒயரிங், இன்ஜினியர்.

"என் வீட்டுல இருபது வருஷமா இதே சட்டம்தான்," என்றான் ஒயரிங். "பொண்டாட்டி என் பேரே சொல்ல மாட்டா, 'ஏங்க'ன்னுதான் கூப்பிடுவா. நானும் கூப்பிட்டதும் ஒருநாளும் போனதில்ல."

கல்லு சிரித்துச் சிரித்து ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

அந்தச் சட்டத்தை இன்ஜினியர் நேற்று மீறியிருந்தான். வேண்டுமென்றே செய்தான் என்று சொல்ல முடியாது. தெரியாமல் செய்தான் என்றும் சொல்ல முடியாது. தனியாக நின்றான், சிலையின் முகத்தில் டார்ச் அடித்தான், மனைவியின் பெயரைச் சொன்னான். அவள் போனபிறகு அதுதான் முதல் தடவை. வீட்டில் மாமியார் இருக்கிறாள். அவள் முன்னால் அந்தப் பெயர் தொண்டையைத் தாண்டாது. கருவறையில் ஒரு சொல் பேசினால் கல் அதை இரண்டாகத் திருப்பித் தரும். அந்தப் பெயரைத் தரவில்லை. வைத்துக்கொண்டது.

இன்று தூசி.

அவன் எண்ணினான். மூன்று எண்ணும்வரை உள்ளே. ஒரு நிறுத்தம். ஒன்று எண்ணுவதற்குள் வெளியே. இந்தக் கணக்கு அவனுக்குத் தெரியும். பதினோரு நாள் ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து இதைத்தான் எண்ணினான். அவளுக்கு நுரையீரலில் நீர் கோத்திருந்தது. கடைசி நாள் முகமூடியை விலக்கி, "ஜன்னலைத் திறங்க," என்றாள். ஏசி அறை, ஜன்னலை ஸ்க்ரூ போட்டு மூடியிருந்தார்கள். "திறக்கக் கூடாதும்மா," என்றான். அவன் பையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. நாலே ஸ்க்ரூ.

வேறொருவன் என்றால் பயந்திருப்பான். அவனோ பீடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த மூச்சோடு தன் மூச்சையும் சேர்த்துக்கொண்டான். அதன்பிறகு தினமும் மதியம் அங்கேதான்.

"சட்டையில ஆஸ்பத்திரி வாசனை அடிக்குது மாப்பிள்ளை," என்றாள் மாமியார்.

"கோயில்லேர்ந்துதான் வர்றேன்."

"கோயில்ல ஏது அந்த வாசனை?" அவள் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். துவைக்கப் போடவில்லை. மடித்துத் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

குடமுழுக்கு நெருங்கியது. சிலையும் பீடமும் சேரும் இடத்தில் மருந்து சாத்துவார்கள். அரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, வெண்ணெய் என்று எட்டுப் பொருளை நாட்கணக்கில் உலக்கையால் இடித்து, சூட்டோடு அடைப்பது. இறுகினால் கல். பன்னிரண்டு வருஷத்துக்கு யாரும் தொடமாட்டார்கள். பழைய மருந்தைச் சுரண்டி எடுத்த பள்ளத்தைக் கடைசியாகச் சரிபார்ப்பது அவன் வேலை.

குடத்து நீர் வந்தால் அம்மன் வந்துவிடுவாள். அம்மன் வந்தால் இவள் போய்விடுவாள். அவனுக்குத் தெரிந்த தர்க்கம் அதுதான். ஒருமுறை போகவிட்டது போதும்.

பர்ஸில் அவளுடைய ஒற்றை மெட்டி இருந்தது. மற்றது வீங்கிய விரலிலிருந்து கழலாமல் அவளோடு எரிந்துபோயிற்று. சிலையின் பின்பக்கம், பள்ளத்தின் அடியில், சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. மெட்டியை உள்ளே தள்ளினான்.

"இங்கேயே இரு," என்றான்.

மறுநாள் காலை மருந்து சாத்தினார்கள். அவன் வாசற்படிக்கு வெளியே நின்றான். மரச்சுத்தியல் விழ விழ, கருஞ்சிவப்பு மருந்து பள்ளத்தில் இறங்கியது. மூச்சு கேட்டது. அவனுக்கு மட்டும். ஒவ்வொரு அடிக்கும் அது குட்டையானது. மூன்று எண்ணியது இரண்டாயிற்று. இரண்டு ஒன்றாயிற்று. கடைசி இடைவெளி அடைபட்டபோது திரை உள்பக்கமாக இழுபட்டு, அப்படியே நின்றது.

"அருமையாப் பிடிச்சிருக்கு," என்று மருந்து சாத்திய ஸ்தபதி பள்ளத்தைத் தடவிப் பார்த்தார். "இனி காத்துகூடப் புகாது."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஜன்னல் இல்லாத அறை. அதற்குள் இன்னொரு அறை.

"பின்பக்கம் ஒரு இடம் சரியில்ல. கொஞ்சம் எடுத்துட்டு மறுபடி அடைக்கலாமா?"

"என்ன சரியில்ல?"

சொல்லியிருக்கலாம். சொன்னால் மெட்டியை எடுத்துத் தூர எறிவார்கள், அவள் போய்விடுவாள். வாய் வரை வந்தது.

"ஒண்ணுமில்ல."

"இனி உளி வெச்சாக் குத்தம் சார். பன்னண்டு வருஷம் கழிச்சு வாங்க, ரெண்டு பேரும் சேர்ந்தே எடுப்போம்." ஸ்தபதி சிரித்தபடி கை கழுவப் போனார்.

அவன் பையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது.

குடமுழுக்கு அன்று காலை வெயில் நன்றாக அடித்தது. கோபுரக் கலசத்துக்கு நீர் ஊற்றி முடித்து, கூட்டம் மொத்தமும் உள்ளே திரும்பியது. மேளம் காதை அடைத்தது. இன்ஜினியர் என்று அவனுக்கு முதல் வரிசையில் இடம் கொடுத்திருந்தார்கள். சிலை பத்தடி தூரத்தில், சுற்றிலும் விளக்கு. குருக்கள் முதல் குடத்தைத் தலைக்குமேல் தூக்கிச் சாய்த்தார். சிலையின் முகத்தில் நீர். மூக்கில். வாயில். இறங்கிப் பீடத்தில் தேங்கியது.

மருந்தின் மேல் ஒரு குமிழி.

உடைந்தது.

இன்னொன்று. நிறுத்தம். இரண்டு சேர்ந்து, அவசரமாக.

"அம்மா மூச்சு விடறா! பாருங்க, அம்மா மூச்சு விடறா!" பக்கத்தில் நின்ற பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதாள். கைகள் எல்லாம் மேலே எழுந்தன.

அவன் மனைவியின் பெயரைச் சொல்லிக் கத்தினான். மேளத்தில் அவனுக்கே கேட்கவில்லை. முன்னால் பாய்ந்தவனை இரண்டு பேர் அன்போடு பிடித்துக்கொண்டார்கள். அருள் வந்திருக்கிறது என்றார்கள்.

காலையில் ஒரு அபிஷேகம். மாலையில் ஒன்று. தினமும். பன்னிரண்டு வருஷம்.

குமிழிகள் நின்றன. பிறகு ஒன்று, பெரிதாக, உடையாமல், நடுங்கிக்கொண்டு.

குருக்கள் இரண்டாவது குடத்துக்குக் கை நீட்டினார். அவருக்குப் பின்னால் வாசற்படி வரை, நூல் சுற்றிய குடங்கள், கழுத்து வரை நீரோடு, வரிசையாக.